ஜன்னலின் எந்தப் பக்கம் ஈரம்

மந்தைவெளி,
கார்த்திகை 9, செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் வர்ஷினிக்கு, உன் தாய் நிறைந்த மனத்தோடு ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை செந்தில்குமாரும் நலமாக இருப்பதாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ சொல்கிறாய். அந்தச் சொல்லை இந்த ஞாயிறு முதல் என்னால் முழுமையாக ஏற்றுக்கொள்ள இயலவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். வீடியோ அழைப்பில் உன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் தெரிந்தது, அதன் கண்ணாடியில் உட்புறமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது நான் பார்த்துப் பழகிய உன் லீட்ஸ் வீட்டு ஜன்னல் அன்று. நீ எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்பதே என் ஐயம். இதைத் தொலைபேசியில் கேட்க வழியில்லை. உன் குரல் வந்ததும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்துவிடுகிறார், நீ தும்மினால்கூட அவருக்கும் கேட்க வேண்டும். ஒரு ஜன்னலைப் பார்த்து மகளைச் சந்தேகிப்பதா என்று நீ நினைக்கக்கூடும். ஆகையால் ஜன்னல்களைப் பற்றி இந்த இரண்டு மாதங்களில் நான் எவ்வாறு கற்றேன் என்பதையும், கற்பதற்கு முன் என்ன தவறு செய்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன், பொறுமையோடு படி.

நம் படுக்கையறைக்கும், பால்கனியை மூடி நான் படிப்பறையாக்கிக்கொண்ட இடத்துக்கும் நடுவில் உள்ள ஜன்னல் உனக்கு நினைவிருக்கும். நாற்பத்தொன்றாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறியவள் நான், அந்த ஜன்னலடி மேசையின்மேல் எனக்குள்ள பற்று உனக்குப் புதிதன்று. புரட்டாசிக் கடைசியில் ஒரு காலையில் மேசையருகே சென்றால் தமிழ் அகராதியின் முதல் தொகுதி ஊறிக் கிடக்கிறது, அகரத்திலிருந்து ஊகாரம் வரை பக்கம் பிரிக்க முடியாதபடி ஒட்டிப்போயிற்று. ஜன்னல் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் அங்கே எட்டாது. துடைத்து வைத்தால் மறுநாளும் அப்படியே. மேல்வீட்டில் பரத்வாஜ் குடும்பத்தார் ஆடி மாதத்தில்தான் தங்கள் பால்கனிக்குப் புதுக்குழாய் இழுத்து வாஷிங் மெஷின் வைத்தார்கள் என்பதை நான் அப்போதே குறித்து வைத்திருந்தேன், எனவே எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மாடியேறிக் கேட்டேன். அவர், "ஜோதி மேடம், எங்காத்து மெஷின்லேர்ந்து ஒரு சொட்டு கீழ எறங்கல, நானே டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன், நீங்க உங்காத்து ஏ.சி.யைப் பாருங்கோ" என்றார். அப்பாவுக்காக நீ வாங்கிக் கொடுத்துப் படுக்கையறையில் மாட்டிய ஏ.சி., ஓராண்டுகூட ஆகவில்லை, அதன் குழாயும் வேறு சுவர் வழியாகப் போகிறது. குற்றத்தைத் தள்ளிவிடுவதற்காகவே இப்படிச் சொல்கிறார் என்று தீர்மானித்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கருணாகரனுக்கு மூன்று பக்கங்களில் முறையானதொரு மனு எழுதிக் கொடுத்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கோர்ட்டுக்கே போற மாதிரி கீதே, ரெண்டு ஊட்டுக்காரங்களும் குந்திக் காபி சாப்ட்டுப் பேசிக்கலாமே" என்றார். அவரும் பரத்வாஜும் தினந்தோறும் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஒன்றாக நடை பயில்கிறவர்கள் என்பதையும் நான் கவனிக்கத் தவறவில்லை.

ஆதாரம் இல்லாமல் யாரும் அசையமாட்டார்கள் என்று தெரிந்தபின் ஒரு சோதனை செய்யத் துணிந்தேன். நம் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் வேலை செய்பவள் பேச்சியம்மாள்தான். பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறாள், மாடி வேலையை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்குவாள். அவளிடம் ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் கொடுத்து, மேலே மெஷினில் துணி ஓடும்போது தண்ணீர் வெளியேறும் சாக்கடை வாயில் போட்டுவிடு, என் ஜன்னலில் மஞ்சள் தண்ணீர் இறங்கினால் திருடன் அகப்பட்டுவிடுவான் என்றேன். "நல்லாக் கீதுமா நீ சொல்றது, அந்த மாமி கண்ல பட்டா என் பொழப்புக்கு யாரு பதில் சொல்றது" என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். போட்டாள், ஆனால் சாக்கடை வாயில் அல்ல, மெஷினில் சோப்புத்தூள் போடும் தட்டில். கேட்டதற்கு, "தண்ணி போற வழில போடுன்ன, அந்த டப்பா வழியாத்தான தண்ணி போவுது" என்றாள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி எப்படிச் சிவக்கிறதோ அப்படியே சோப்போடும் சிவக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பரத்வாஜின் ஆறு வேட்டிகளும் திட்டுத்திட்டாகச் சிவந்தும் மஞ்சளித்தும் மொட்டைமாடிக் கொடியில் தொங்கின. உன் அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல இன்னா, ஏதாச்சும் கட்சி மாநாடா, இத்தினி கொடி கட்டிகினு கீறாங்க" என்று கேட்டார். என் ஜன்னலிலோ அன்றும் தண்ணீர் இறங்கியது, ஒரு துளி நிறமும் இன்றித் தெளிவாக.

அதன் பிறகே ஏ.சி. பழுதுபார்க்கும் மெஹபூப் பாஷாவை மேற்கு மாம்பலத்திலிருந்து வரவழைத்தேன். முதலில் அவர்மீதும் எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை, இல்லாத கோளாற்றைச் சொல்லி எதையாவது மாற்றிவிட்டுப் போவாரோ என்று அருகிலேயே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டேன். அவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. ஜன்னலைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார், ஏ.சி.யை நிறுத்தினார், மேல்வீட்டு மெஷினை ஓடவிடச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உன் அப்பாவோடு கிரிக்கெட் பேசினார். ஒரு துளி வரவில்லை. பிறகு உன் அப்பா வழக்கமாக வைக்கும் பதினெட்டில் ஏ.சி.யைப் போட்டார், அரைமணிக்குள் என் மேசைப் பக்கத்துக் கண்ணாடி மங்கிப் பனித்து முத்து முத்தாகத் திரண்டு ஓடத் தொடங்கியது. நான் அப்போதும் விடாமல், சட்டத்தில் எங்கோ விரிசல் இருக்கலாமே என்றேன். அவர் எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தார், அதன் வெளிப்புறமெல்லாம் வேர்த்தது. "இன்னாமா, இந்த டம்ளர் ஓட்டையா, இல்ல இதுக்கும் மாடில யாராச்சும் துணி தோய்க்கிறாங்களா" என்று கேட்டார். உன் அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. பின்னர் மெஹபூப் பாஷா நிதானமாக விளக்கினார். "காத்துல எப்பவும் தண்ணி கீதுமா. மனுசன் வுடுற மூச்சு, சோறு கொதிக்கிற ஆவி, காயப்போட்ட ஈரத்துணி, எல்லாம் அதுல கலந்துகினு சுத்திகினு கீது. ஜில்லுனு ஒரு கண்ணாடியப் பாத்துச்சின்னா அதும்மேல வந்து குந்திக்கும். எந்தப் பக்கம் சூடோ அந்தப் பக்கம்தான் தண்ணி நிக்கும். இத்த மட்டும் புரிஞ்சிக்கினீங்கன்னா எந்த ஊட்டு ஜன்னலும் உங்களாண்ட பொய் சொல்லாது" என்றார். இவ்வளவு செறிவான பாடத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. இப்போது ஏ.சி.யை இருபத்தாறில் வைத்து மின்விசிறியைச் சுழலவிடுகிறோம், ஈரத்துணியைப் படிப்பறையில் உலர்த்துவதில்லை, சட்டத்தின் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியாயிற்று, ஜன்னல் நனைவதில்லை. ஆறு புது வேட்டிகளோடு மாடியேறிப் பரத்வாஜிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர், "பரவால்ல மேடம், அடுத்த தடவை குங்குமம் போடுங்கோ, கலராவது சீரா ஏறும்" என்றார். இவ்வளவு எளிதில் ஒருவர் மன்னிப்பாரா என்று வரும்போது படிக்கட்டில் நின்று யோசித்தேன் என்பதும் உண்மை, ஆனால் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

இனி உன் ஜன்னலுக்கு வருகிறேன். உன் ஊரில் குளிர் வெளியே, சூடு உள்ளே, எனவே தண்ணீர் உட்புறம் நிற்பது இயல்பே. ஆயினும் மூன்றாண்டுக்கு முன் மார்கழியில் நானும் அப்பாவும் பத்து வாரம் உங்களோடு தங்கியிருந்தபோது உன் வீட்டு ஜன்னல்களை நானே துடைத்திருக்கிறேன். ஏழு ஜன்னல்கள், எல்லாம் பிளாஸ்டிக் சட்டம், இரட்டைக் கண்ணாடி. வெளியே பனி கொட்டியபோதும் ஒன்றிலும் ஒரு துளி நின்றதில்லை. ஞாயிறன்று நான் பார்த்தது ஒற்றைக் கண்ணாடி, வெள்ளை பூசிய மரச்சட்டம், பூச்சு உரிந்து மூலையில் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது, விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தாய். வீட்டுக்குள் அமர்ந்திருந்தும் கம்பளித் தொப்பி அணிந்து போர்வை போர்த்தியிருந்தாய். இது எந்த அறை என்று கேட்டபோது, ஹாலில் பெயின்ட் அடிக்கிறார்கள், அதனால் சின்ன அறையில் இருக்கிறேன் என்றாய். உன் வீட்டில் நான் பெருக்காத சின்ன அறை எது? பேச்சுக்கு நடுவே கண்ணாடியை உன் கைமுட்டியால் துடைத்தாய், துடைத்த அந்த வட்டத்துக்குள் மாடி பஸ் ஒன்றின் மேல்தட்டு கடந்து போனது. உங்கள் தெரு முட்டுச்சந்து, அங்கே பஸ் வருவதில்லை, உன் வீட்டிலிருந்து பஸ்ஸைப் பிடிக்கக் கால்மணி நேரம் நடந்த கால்கள் இவை. மாப்பிள்ளை எங்கே என்று அப்பா கேட்டார், குளிக்கிறார் என்றாய். அதற்கு முந்தைய ஞாயிறும் குளித்துக்கொண்டிருந்தார், அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படியே. எந்த மனிதரும் மூன்று வாரம் தொடர்ந்து குளிப்பதில்லை, அம்மா.

நீ அழைப்பை முடித்ததும் அப்பா கோயிலுக்குக் கிளம்பினார். அவர் படியிறங்கும் வரை காத்திருந்து மாப்பிள்ளைக்குப் பேசினேன். எடுத்த எடுப்பில், "நல்லா இருக்கோம் அத்தை, வர்ஷினி இப்பத்தான் கடைக்குப் போனா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன் குளித்துக்கொண்டிருந்தவர் பேசுகிறார், பேசிக்கொண்டிருந்தவள் கடைக்குப் போய்விட்டாள். நான் எதையும் காட்டிக்கொள்ளாமல், உங்கள் வீட்டில் பெயின்ட் வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டேன். "பெயின்ட்டா" என்று சொல்லிச் சற்றே நிறுத்தி, "ஆமா அத்தை, அது போயிட்டிருக்கு" என்றார். ஜன்னலெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறதே, அதற்கு ஏதாவது செய்யக் கூடாதா என்றேன். இதற்கு அவரிடம் ஆயத்தமான பதில் இல்லை போலும், உள்ளதைச் சொல்லிவிட்டார். "நம்ம வீட்ல ஜன்னல் நனையாதே அத்தை, டபுள் கிளாஸ் ஆச்சே" என்றார். ஆகவே நனைகிற ஜன்னல் ஒன்றுக்குள் நீ இருக்கிறாய், நனையாத ஜன்னல்களுக்குள் அவர் இருக்கிறார். இருவரும் சேர்ந்து எங்களுக்கு ஒரே வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பொய்யைக்கூட இருவரும் பேசி ஒத்துக்கொண்டு சொல்லும் அளவுக்கு உங்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறது என்பது மட்டுமே எனக்குக் கிடைத்த சிறு ஆறுதல், அந்த ஆறுதலையும் நான் முழுதாக நம்பவில்லை.

நீ விலகினாயா, அவர் விலக்கினாரா, அவர் கை நீட்டினாரா, வேறு யாரேனும் நடுவில் வந்தார்களா, அல்லது வேலையில் ஏதேனும் இடர் வந்து அதனால் இந்த ஏற்பாடா என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்த்து, எதையும் முடிவு செய்யாமல் நிறுத்தியிருக்கிறேன். ஆறு வேட்டிகளைப் பாழாக்கியவள் என்ற முறையில் என் ஐயங்கள் தவறக்கூடும் என்பதை அறிவேன். ஆனால் மேல்வீட்டின்மேல் நான் ஐயம் கொண்டபோது ஜன்னலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, இப்போது தெரியும். இம்முறை யார் மூலமும் சோதிக்கப் போவதில்லை. உன் அத்தை மகனின் நண்பன் தௌசீஃப் அங்கே லீட்ஸில்தானே இருக்கிறான், அவனைவிட்டு எட்டிப் பார்க்கச் சொல்லலாம் என்ற எண்ணம் ஒருநாள் முழுவதும் இருந்தது, பிறகு அது மஞ்சள்தூளைக் காட்டிலும் கேவலமான வேலை என்று விட்டுவிட்டேன். உன்னிடமே கேட்கிறேன். அப்பாவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஞாயிறு இரவு சாப்பிடும்போது, "பாப்பா மொகம் வாடிக் கீது இல்ல" என்று மட்டும் கேட்டார், குளிராக இருக்கும் என்றேன். நானும் பொய் சொன்னேன் என்பதை உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

எந்த அறையாக இருந்தாலும் அதில் நீ உறங்குகிறாய், ஆகையால் நான் சொல்வதைச் செய். காலையில் எழுந்ததும் கண்ணாடியையும் விளிம்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை அறைக்குள் காயவிடாமல் வெளியே பிழிந்துவிடு. குளிருக்கு அஞ்சாமல் தினம் பத்து நிமிடம் ஜன்னலைத் திற, உள்ளே நிற்கும் ஈரக்காற்று போகட்டும். சோறு வடிக்கும்போதும் ரசம் கொதிக்கும்போதும் பாத்திரத்தை மூடு, அடுப்பு அதே அறையில்தான் இருக்கிறதோ என்றுகூட எனக்குச் சந்தேகம், உனக்குப் பின்னால் குக்கரின் விசில் கேட்டது. துணியை ஹீட்டர்மேல் போடாதே. அலமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடு, இல்லாவிட்டால் மறைவில் பூஞ்சை பிடிக்கும். மூலையில் உள்ள கருப்பை வினிகர் தொட்டுத் துடை, மூக்கைத் துணியால் கட்டிக்கொள், சிறுவயதில் உனக்கு இழுப்பு இருந்ததை மறந்துவிடாதே. ஹீட்டரை அடியோடு நிறுத்தி வைக்காதே, மிதமாகவாவது எரியட்டும். வீட்டின் சொந்தக்காரர் ஜன்னலைச் சரிசெய்யக் கடமைப்பட்டவரா என்று கேள், கேட்பதற்குக் கூச்சப்படாதே, வேண்டுமானால் மனுவை நான் எழுதித் தருகிறேன், ஆங்கிலத்தில் நீ பெயர்த்துக்கொள்.

வருவதானால் வா. உன் அறையை நான் எதற்கும் பயன்படுத்தவில்லை, என் புத்தகங்களைக்கூட அங்கே வைக்கவில்லை. அங்கேயே இருந்து தனியாக வாழ்வதானால் வாழு, நான் வந்து சில மாதம் உடன் இருக்க வேண்டுமென்றாலும் வருவேன், என் பாஸ்போர்ட் இன்னும் செல்லும். மாப்பிள்ளையோடு திரும்பச் சேர்வதானாலும் அது உன் முடிவு, ஏன் எதற்கு என்று கேட்டு உன்னைக் குடைய மாட்டேன். மந்தைவெளியில் யார் என்ன கேட்பார்கள் என்ற கவலை உனக்கு இருந்தால் அதைப் பதில் சொல்லத் தெரிந்தவளிடம் விட்டுவிடு. உன் திருமணத்துக்கு ஊரையெல்லாம் அழைத்தவர்கள் நாங்கள்தானே, சொல்ல வேண்டியவர்களுக்கு நாங்களே சொல்வோம், அதற்குரிய சொற்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்குமுன் உறையை எடுத்து உன் பெயரை எழுதினேன், அதன்கீழே அடுத்த வரி எழுத என்னிடம் எதுவும் இல்லை. பழைய முகவரிக்கு அனுப்பினால் வேறொருவர் கையில் பிரியும். என் மகள் எந்தத் தெருவில் எந்த எண்ணுள்ள கதவுக்குப் பின்னால் உறங்குகிறாள் என்று தெரியாமல் அரைமணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உன் அலுவலக முகவரியை எழுதியிருக்கிறேன். இதை மேசையில் வைத்துப் படித்தால் யாராவது பார்ப்பார்கள், பையில் போட்டு எடுத்துச் சென்று படி.

எல்லாத் தெய்வங்களும் உனக்குத் துணை நிற்கட்டும், உடம்பில் வலிமையும் மனத்தில் தெளிவும் நிலைக்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. பதிலைக் கடிதமாகவே எழுது, பகல் பதினொரு மணிக்குத் தபால்காரர் வரும்போது அப்பா உறங்கிக்கொண்டிருப்பார், நான்தான் வாங்குவேன். உள்ளே என்ன எழுதுகிறாய் என்பது உன் விருப்பம், ஒன்றும் எழுத மனமில்லை என்றால் வெற்றுத்தாளை மடித்து வை. உறையின் பின்புறத்தில் மட்டும் நீ இருக்கும் இடத்தின் முகவரியை, கதவு எண்ணோடு, உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு.

இங்ஙனம்,
உன் நலத்தையன்றி வேறொன்றும் வேண்டாத அம்மா,
ர. ஜோதிலட்சுமி